நெருப்பை ஏந்தும் மேசை

பஞ்சையும் நெருப்பையும் பக்கத்தில் வைத்தல் ஆகாது என்பது நம் மூத்தோர் வாக்கு. பஞ்சுக்குச் சொன்னது மரத்துக்கும் பொருந்தும். அடுப்பங்கரையில் விறகு அடுக்கும் தாய்மார், அடுப்பின் வாய்க்கும் விறகுக் கட்டுக்கும் இடையே ஒரு முழமேனும் விட்டு வைப்பது இந்த அறிவினாலேதான். ஆயினும் அமெரிக்க நாட்டில் வீடுகளின் பின்வளவுகளில் இன்று இதற்கு நேர்மாறான காட்சி ஒன்றைக் காணலாம். நல்ல மரத்தைத் தேர்ந்து, சீவி, இணைத்து, மேசையாக்கி, அந்த மேசையின் நடுவே வட்டமாகத் துளை வெட்டி, தணல் நிறைந்த இரும்பு அடுப்பு ஒன்றை அத்துளையினுள் அமர்த்துகிறார்கள். அதைச் செய்பவர் பெரும்பாலும் தொழில்முறைத் தச்சர் அல்லர். ஓய்வு நாளில் வாளும் சீவுளியும் எடுத்துக்கொண்ட எழுதுவினைஞராகவோ ஆசிரியராகவோ அவர் இருக்கக்கூடும்.

இது வெறும் விளையாட்டா, அல்லது இதனுள் நாம் சிந்திக்கத்தக்க பொருள் ஏதேனும் உண்டா என்பதைச் சிறிது ஆராய்வோம். மரமும் நெருப்பும் ஓரிடத்தில் வாழ வேண்டுமானால் என்ன நிபந்தனைகள் வேண்டும் என்பதே இம்மேசையின் உள்ளே மறைந்திருக்கும் வினா. விடை தவறினால் இழப்பு மேசையோடு நில்லாது, வீட்டையும் தொடும்.

முதலில் அடுப்பின் வரலாறு. சிக்காகோ நகரை அடுத்து வெபர் சகோதரர் உலோகத் தொழிற்சாலை என ஒரு பட்டறை இருந்தது. உருக்குத் தகட்டை வளைத்து உருண்டையான மிதவைகளை அங்கு செய்தார்கள். அங்கு பணியாற்றிய ஜோர்ஜ் ஸ்டீவன் என்பவருக்குத் திறந்த வெளியில் இறைச்சி வாட்டுவதில் மிகுந்த விருப்பம். ஆனால் அக்காலத்து அடுப்புகள் செங்கல்லாற் கட்டிய திறந்த அடுப்புகள். காற்று வீசினால் சாம்பல் உணவிற் படியும். கொழுப்பு வடிந்தால் சுவாலை எழும். மழை வந்தால் எல்லாம் வீண். 1952ஆம் ஆண்டில் அவர் மிதவைக்குரிய உருண்டையை இரு பாதியாக்கினார். கீழ்ப் பாதிக்கு மூன்று கால்கள், மேற் பாதிக்கு ஒரு கைபிடி. கேத்தல் அடுப்பு பிறந்தது. மூடியை இட்டதும் தணல் அணைந்துபோகக் கண்டு அவர் திகைத்தார் என்றும், துளையிட்டுக் காற்று விடும்படி அயலவர் ஒருவர் யோசனை கூறினார் என்றும் ஒரு கதை உண்டு. கதை எப்படியாயினும், கீழே ஒரு காற்றுவாய், மேலே ஒரு காற்றுவாய், இரண்டையும் திறந்தும் மூடியும் நெருப்பை ஆளலாம் என்பதே அவ்வடுப்பின் உயிர்நாடி. பின்னர் அவர் அந்த நிறுவனத்தையே தமதாக்கிக்கொண்டார்.

நம் வீடுகளில் கேத்தல் என்றாற் சுடுநீர் நினைவுக்கு வரும். இந்தக் கேத்தலுக்கு மூக்கும் இல்லை, நீரும் இல்லை. உருண்டையான வயிறும் மூடியும் இருப்பதனால் மட்டுமே அப்பெயர்.

அடுப்பில் எரியும் கரியின் கதை இன்னும் சுவையானது. கரிக்கட்டியின் வடிவமைப்புக்கு 1897ஆம் ஆண்டில் எல்ஸ்வோர்த் சுவோயர் என்பவர் அமெரிக்காவிற் காப்புரிமை பெற்றார். அதனைப் பெருந்தொழிலாக்கியவர் மோட்டார் வாகனத்தாற் புகழ்பெற்ற ஹென்றி ஃபோர்ட். அக்காலத்து வாகனங்களின் உடற்கட்டில் மரம் மிகுதியாகப் பயன்பட்டது. மிச்சிகன் மாநிலத்தின் வடபகுதியில் அவர் நிறுவிய மர ஆலையில் வெட்டுத் துண்டுகளும் மரத்தூளும் மலைபோற் குவிந்தன. அவற்றை வீணாக்க மனமின்றி, 1920களில் அவற்றைக் கரியாக்கி, மாப்பசை சேர்த்துக் கட்டியாக அழுத்தி, தமது வாகன விற்பனையாளர் மூலமே விற்கலானார். அம்முயற்சிக்குத் துணைநின்ற உறவினர் எட்வர்ட் கிங்ஸ்ஃபோர்ட்டின் பெயரே பின்னர் அந்தக் கரிக்கட்டிக்கும், அவ்வாலை இருந்த ஊருக்கும் நிலைத்தது.

ஆகவே அடுப்பினுள்ளே எரிவதும் மரம். அடுப்பைச் சுற்றி நிற்பதும் மரம். தச்சுப் பட்டறையின் எச்சமே தணலாகி, தச்சுப் பட்டறையின் ஆக்கமான மேசையின் மடியில் அமர்கிறது. நம் நாட்டிலும் தேங்காயின் எச்சமான சிரட்டை கரியாகிப் பயன்படுவதை அறிந்த நமக்கு இப்பொருளாதாரம் புதிதன்று.

இனி, மேசை எதற்கு? கேத்தல் அடுப்பைப் பயன்படுத்தியவர் அனைவரும் அறிந்த குறை ஒன்று உண்டு. உருண்டை வடிவம் நெருப்புக்கு நல்லது, சமைப்பவருக்கு நல்லதன்று. தட்டை வைக்க இடமில்லை. கரண்டியை வைக்க இடமில்லை. சுடுகின்ற மூடியை எங்கே வைப்பது என்று கையிற் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். மூன்று கால்களில் நிற்கும் அடுப்பு, ஓடி விளையாடும் சிறுவனின் முழங்கை பட்டாற் சரியவும் கூடும். எனவே அதனைச் சுற்றி அகன்ற, உறுதியான, அசையாத ஒரு தளம் வேண்டும் என்ற எண்ணம் இயல்பாகவே எழுகிறது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். பரவலாகப் புழங்கும் அடுப்பின் குறுக்களவு 22 அங்குலம். அதைச் சுற்றிலும் 2 அங்குலம் காற்றிடைவெளி விட்டால் துளையின் குறுக்களவு 26 அங்குலம் ஆகும். துளையின் இருபுறமும் 5 அங்குலமாவது பலகை நிற்க வேண்டும்; அன்றேல் மேசை அவ்விடத்தில் ஒடியும். ஆக மேசையின் அகலம் 36 அங்குலம். உயரமும் ஏறத்தாழ அதே அளவு. அமெரிக்கச் சமையலறைகளின் மேடை உயரம் 36 அங்குலமே. நீளம் ஆறு அடி இருப்பின் ஒரு புறம் அடுப்பும் மறுபுறம் வேலைத்தளமும் வசதியாக அமையும்.

தச்சுவேலை அறியாதவர் இங்கே முதல் தவறைச் செய்கிறார். பலகைகளை அடுக்கிவிட்டு வட்டம் வெட்டினால், நடுப்பலகைகள் இரண்டு துண்டாகி அந்தரத்தில் நிற்கும். வெட்டிய ஒவ்வொரு முனையையும் தாங்குவதற்குக் கீழே குறுக்குச் சட்டங்கள் முன்னதாகவே இருத்தல் வேண்டும். துளையைச் சுற்றி நாற்சதுரமாக ஒரு சட்டகம் அமைத்து, அதன்மேற் பலகையைத் தைத்து, அதன் பின்னரே வட்டத்தை வெட்டுவது முறை. அடுப்பின் பாரத்தைப் பலகையில் ஏற்றவே கூடாது. அடுப்பு தன் கால்களிலேயே நிலத்தில் நிற்கலாம். அல்லது சட்டகத்திற் பூட்டிய இரும்புத் தாங்கிகளில் தொங்கலாம்.

இரண்டாவது தவறு மரத்தின் இயல்பை மறப்பது. வெட்டிச் சீவி மேசையாக்கிய பின்னும் மரம் அசைந்துகொண்டே இருக்கிறது. ஈரக்காற்றில் அகலத்தாற் பெருக்கும். வறண்ட காற்றில் அகலத்தாற் சுருங்கும். நீளவாட்டில் இம்மாற்றம் மிகவும் சொற்பம். ஆகவே பலகைகளை இடைவெளியின்றி நெருக்கித் தைத்தால் மழைக்காலத்தில் ஒன்றையொன்று தள்ளி வளையும். காலங்குல இடைவெளி விட்டால் மழைநீரும் வடியும், பெருக்கத்துக்கும் இடம் கிடைக்கும்.

எந்த மரம்? அமெரிக்கர் விரும்புவன பெரும்பாலும் இரண்டு. ஒன்று பசிபிக் கரையோரத்தில் வளரும் மேற்குச் செஞ்சீடர். மற்றொன்று கலிபோர்னியாவின் றெட்வுட். இரண்டின் வைரமும் உக்கிப்போகாது மழையைத் தாங்குவது. சீடர் என்ற பெயர் இருப்பினும் தாவரவியலார் முன்னதனைத் தூயா என்னும் வேறு இனத்திற் சேர்ப்பர். இமயச் சாரலில் வளரும் தேவதாருவே உண்மையான சீடர் இனம். இம்மரங்களிற் கசப்புப் பொருளான தனின் மிகுதி. சாதாரண இரும்பாணியை அறைந்தால் மழை பட்டதும் ஆணியைச் சுற்றிக் கருமை படரும். இது அழுக்கன்று, மை. கடுக்காய்ச் சாற்றில் அன்னபேதி சேர்த்து நம் முன்னோர் எழுதுமை காய்ச்சியதும் இதே இரசாயன வினையே. மேசையின் மீது எழுத்து வேண்டாமென்பார் நாகம் பூசிய திருகாணியையோ துருவேறா உருக்கையோ பயன்படுத்துகின்றனர்.

பொருள் வசதியுள்ளோர் தேக்கையும் நாடுவர். தன் எண்ணெய்ப்பசையாற் கடல்நீரையும் பொறுத்துக் கப்பல் தளங்களிற் கிடந்த மரம் அது. அதன் ஆங்கிலப் பெயர் ‘ரீக்’ என்பது நம் மண்ணுக்குரிய ‘தேக்கு’ என்ற சொல்லே. மலையாளக் கரையிலிருந்து போர்த்துக்கேயர் நாவிற் புகுந்து ‘தேக்கா’ ஆகி மேல்நாடு சென்றது. அதே போர்த்துக்கேயர் நமக்குத் தந்து சென்ற சொல் ‘மேசை’. யன்னலும் அலுமாரியும் வாங்கும் அவ்வாறு வந்தனவே. மரத்தின் பெயர் இங்கிருந்து போயிற்று. அம்மரத்தாற் செய்யும் பொருளின் பெயர் அங்கிருந்து வந்தது.

இப்போது நம் முதல் வினாவுக்கு மீள்வோம். நெருப்பு மரத்தை என்ன செய்யும்?

மரம் சூடேறும்போது 100 பாகை செல்சியஸ் அளவில் அதன் ஈரம் வெளியேறுகிறது. 200 பாகையைத் தாண்டியதும் மரம் சிதைந்து வாயுக்களை உமிழத் தொடங்குகிறது. மேலும் சூடேற அவ்வாயுக்கள் தீப்பற்றுகின்றன. மூடியிட்டுச் சமைக்கும் கேத்தல் அடுப்பின் உட்புறம் 200 பாகை என்பது சாதாரணம். இரும்பு வயிற்றின் வெளிப்புறமும் கை வைக்க இயலாத சூடு. சுவாலை தொடாத வரையில் அச்சமில்லை என எண்ணுவது பேதைமை. சூடு காற்றினூடே கதிராகப் பாய்வது. அன்றியும், ஒரே இடம் மாதக்கணக்கில் மீண்டும் மீண்டும் சூடேறினால் அவ்விடத்து மரம் மெல்லக் கருகி, புது மரம் பற்றாத குறைந்த சூட்டிலேயே பற்றும் நிலையை எய்தக்கூடும். முதல் ஆண்டில் ஒன்றும் நேரவில்லை என்பது மூன்றாம் ஆண்டுக்கு உத்தரவாதமாகாது.

இத்தகைய அடுப்புகளோடு வரும் கையேடுகளில், எரியக்கூடிய எப்பொருளிலிருந்தும் ஐந்து அடி தூரம் விலக்கி வைக்குக என்ற எச்சரிக்கையைக் காணலாம். இரண்டு அங்குல இடைவெளி எங்கே, ஐந்து அடி எங்கே! அழகான மரமேசையின் படங்களைக் காட்டுவோர் பலர் இந்த முரண்பாட்டைப் பற்றி வாய் திறப்பதில்லை. நாம் அதை மறைக்காமற் சொல்ல வேண்டும். அடுப்பைச் சுற்றி வெறும் மர வட்டம் அமைப்பவர் அந்த எச்சரிக்கையை மீறியே அமைக்கிறார்.

இதற்கு யோசிப்பதற்குரிய வழிகாட்டி யப்பானியரிடம் உண்டு. ஹிபாச்சி எனப்படும் அவர்களுடைய பழைய தணற்பெட்டி, அறையைச் சூடாக்கவும் தேநீருக்கு நீர் காய்ச்சவும் பயன்பட்டது. நீண்ட ஹிபாச்சிகள் மரத்தாலேயே செய்யப்பட்டன. பக்கத்தில் இழுப்பறைகள்கூட உண்டு. தணலோ அப்பெட்டியின் நடுவில். எனினும் பெட்டி எரிவதில்லை. ஏனெனில் மரத்தின் உட்புறம் செப்புத்தகடு பதித்து, அதனுள் ஆழமாகச் சாம்பல் நிரப்பி, சாம்பலின் மேலேயே தணலை வைத்தார்கள். சிறிதளவு தணல், அதன் கீழே சாம்பல், அதன் பின்னே செம்பு, அதற்கும் அப்பால் மரம். நெருப்பு மரத்தை அணுகுமுன் இரு வாயிலோரைக் கடக்க வேண்டியிருந்தது.

நல்ல மேசை இப்பாடத்தைப் பின்பற்றும். அடுப்பைச் சுற்றியுள்ள பகுதி மரமாக இருத்தல் கூடாது. அங்கே கற்பலகையோ, சீமெந்துப் பலகைமேற் பதித்த ஓடோ, உருக்குத் தகடோ அமைய வேண்டும். மரம் கால்களாகவும், தொலைவிலுள்ள வேலைத்தளமாகவும் நிற்கட்டும். சட்டகத்தின் உட்புறத்தை அடுப்பின் கதிரிலிருந்து காக்கத் தகடு பொருத்துவார் உளர். அத்தகட்டை மரத்தோடு ஒட்டி ஆணியடித்தால், தகடு தான் பெற்ற சூட்டை அப்படியே மரத்துக்குக் கையளித்துவிடும். தகட்டுக்கும் மரத்துக்கும் இடையே ஓர் அங்குலம் விட்டு, கீழும் மேலும் காற்று ஓட வழி செய்தால் அக்காற்றே சூட்டைக் கொண்டுபோய்விடும். காசில்லாத காவலன் காற்று. தடித்த பீங்கானாற் செய்த அடுப்பு வகைகளை மேசையில் ஏற்றுவோரும் இதே முறையைக் கைக்கொள்கின்றனர்: மரத்தின் மீது நேரே வைக்காது, கீழே கற்பலகை இட்டு, அதன்மேற் காற்றோட்டத்துடன் தாங்கி வைத்து அமர்த்துகின்றனர். இத்தனையும் செய்த பின்னரும், தணல் இருக்கும் வரையில் அதனருகே ஓர் ஆள் இருந்தே ஆக வேண்டும். வாளி நீரோ மணலோ எட்டும் தூரத்தில் இருக்க வேண்டும்.

கீழே பார்க்க மறப்பவரும் உண்டு. அடுப்பின் அடிவாயால் விழும் சாம்பலில் உயிருள்ள தணற்பொறியும் விழும். அதன் நேர்கீழே கரிமூட்டை வைக்க மரத்தட்டு அமைப்பது வீட்டுக்குத் திரி வைப்பது போன்றது. மூடியையும் காற்றுவாய்களையும் அடைத்துவிட்டால் நெருப்பு அணையும் என்பது உண்மை. ஆனாற் சாம்பலுக்குள் மறைந்த தணல் ஒரு நாளுக்கு மேலும் உறங்காதிருக்கும். நீறுபூத்த நெருப்பு என்று நாம் உவமையாக மட்டும் சொல்லிப் பழகிவிட்டோம்.

மரத்தைக் காக்கும் மருந்துகளிலும் எச்சரிக்கை தேவை. உக்காதிருக்க ஆர்சனிக் கலந்த மருந்தூட்டிய மரம் அமெரிக்காவில் நெடுங்காலம் வீட்டுப் பாவனையில் இருந்தது. 2003ஆம் ஆண்டின் முடிவோடு அதனை வீட்டுத் தேவைகளுக்கு உற்பத்தி செய்தல் நிறுத்தப்பட்டது. ஆயினும் பழைய வேலிகளிலும் தளங்களிலும் இருந்து கழற்றிய பலகைகள் இன்னும் கைமாறுகின்றன. அப்பலகையில் உணவு பரிமாறுதல் தவறு. வெட்டிய துண்டை விறகென்று அடுப்பில் இடுதலோ பெருந்தவறு. அதன் புகையிலும் சாம்பலிலும் நஞ்சு உண்டு.

எல்லாவற்றிலும் வியப்பான ஆபத்து ஒன்றைக் கடைசியாகச் சொல்கிறேன். மேசை முடிந்து, மணற்கடதாசியால் தேய்த்து, ஆளிவிதை எண்ணெய் பூசி, ஈரத்துணியைச் சுருட்டி மூலையில் எறிந்துவிட்டு உறங்கப் போகிறார் மேசை செய்தவர். அடுப்பு அங்கு இன்னும் வந்து சேரவில்லை, தீக்குச்சியும் உரசவில்லை. ஆயினும் அந்தத் துணி தானாகவே தீப்பற்றலாம். ஆளிவிதை எண்ணெய் காய்வது நீர் காய்வது போன்றதன்று. காற்றிலுள்ள ஒட்சிசனோடு கூடி இறுகும்போது அது வெப்பத்தை வெளியிடுகிறது. விரித்துப் போட்ட துணியில் அவ்வெப்பம் காற்றோடு போய்விடும். சுருட்டிய துணியில் உள்ளேயே சேர்ந்து சேர்ந்து நெருப்பாகும். தச்சுப் பட்டறைகள் பல இவ்வாறு எரிந்ததுண்டு. துணியைத் தனித்தனியே வெளியில் விரித்து உலர்த்துவதோ, நீரில் அமிழ்த்தி வைப்பதோ பழைய தச்சரின் ஒழுக்கம். கண்ணுக்குத் தெரியும் நெருப்புக்கு அஞ்சி ஆயிரம் காவல் வைத்தவர், கண்ணுக்குத் தெரியாத நெருப்பைத் தம் கையாலேயே மூலையில் வைத்துவிடக் கூடும்.

இத்துணை இடரும் இருக்க, கடையில் விற்கும் உலோகத் தாங்கியை வாங்கிவிட்டுப் போகாமல் ஏன் ஒருவர் மரத்தோடு மல்லாடுகிறார்? பணச் சிக்கனம் என்று சொல்ல முடியாது. நல்ல மரத்தின் விலை சில வேளை அடுப்பின் விலையையும் மிஞ்சும். நாள் முழுவதும் கடதாசியோடும் கணக்கோடும் உழலும் மனிதனுக்கு, அளந்தது அளந்தபடி பொருந்துவதைக் கையாலே உணரும் இன்பம் அரிதாகிவிட்டது. எழுத்திலே ஏற்பட்ட பிழையை மறுநாள் விவாதித்துச் சமாளிக்கலாம். காலங்குலம் தவறிய கழுந்து துளையில் நுழைய மறுக்கும்போது விவாதத்துக்கு இடமில்லை. மாணவருக்குக் கைப்பணி கற்பிக்கும் ஆசிரியர் இதனை நன்கு அறிவர்.

முடிக்குமுன் ஒரு சொல்லாராய்ச்சி. இவ்வகைச் சமையலுக்கு ஆங்கிலத்தில் வழங்கும் ‘பாபகியூ’ என்ற சொல், கரீபியத் தீவுகளின் தைனோ மக்களுடைய மொழியிலிருந்து ஸ்பானியர் வாயிலாக வந்தது. ஸ்பானியர் அதனைப் ‘பார்பக்கோவா’ என எழுதினர். அது குறித்த பொருள் நெருப்பன்று, இறைச்சியுமன்று. தடிகளை நட்டு, குறுக்கே கம்புகளைப் பரப்பிக் கட்டிய மரப்பரணே பார்பக்கோவா. அதன்மேல் இறைச்சியை வைத்துக் கீழே தணலிட்டு வாட்டினார்கள், தானியத்தைச் சேமித்தார்கள், படுத்தும் உறங்கினார்கள். வில்லியம் டம்பியர் என்னும் ஆங்கிலக் கடலோடி 1697ஆம் ஆண்டில் வெளியிட்ட தமது பயண நூலிலே, தாம் இரவில் உறங்கிய அத்தகைய கம்புப் பரண்களைக் குறிப்பிடுகிறார். அவை நிலத்திலிருந்து ஏறத்தாழ மூன்று அடி உயரமானவை.

மூன்று அடி என்பது 36 அங்குலம். பின்வளவில் நின்று தம் புது மேசையின் உயரத்தை அளந்து பார்க்கும் அமெரிக்கருக்கு, அச்சொல்லுக்கு முதலிற் பொருளாயிருந்த மரப்பரணைத்தான் தாம் மீண்டும் கட்டியிருக்கிறார் என்பது தெரிந்திருக்க நியாயமில்லை. பச்சைக் கம்பு கருகினால் மறுநாள் வேறொரு கம்பை வெட்டிக்கொள்ளத் தைனோ மக்களுக்குக் காடு இருந்தது. இவருக்கு இருப்பது ஒரு மேசையும், அதன் பின்னே ஒரு வீடும். ஆகவே அடுப்புக்கும் மரத்துக்கும் இடையே கல்லும் தகடும் காற்றும் சரியாக இருக்கின்றனவா என்பதை அவர் இன்னும் ஒருமுறை குனிந்து பார்த்துவிட்டே தீக்குச்சியை உரச வேண்டும்.